தேவிபட்டினத்துக்கும் நானே உறுப்பினர்

1

நான் இப்போது சட்டமன்ற உறுப்பினர் இல்லை. இதை ஊருக்குத் தெரிவிப்பதற்காகத்தான் இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

தேர்தலில் தோற்று ஐந்து மாதமாகிறது. ஆனாலும் தேவிபட்டினத்திலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் எனக்கு மனுக்கள் வந்தபடி இருக்கின்றன. முந்தாநாள் வந்த மனுவில், ராமநாதபுரத்திலிருந்து வரும் காலை பஸ் தங்கள் ஊர் விலக்கில் நிற்காமல் போகிறது என்றும், இதை மலாயா அரசாங்கம் உடனே கண்டிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அதே தபாலில் இன்னொரு உறையும் வந்தது. எங்கள் மாநிலச் சட்டமன்றச் செயலகம் அனுப்பியது. பதவிக் காலத்தில் எனக்குக் கொடுத்த ரப்பர் முத்திரையை நான் இன்னும் ஒப்படைக்கவில்லையாம். இது மூன்றாவது நினைவூட்டல்.

என் மனைவி கமலா இரண்டையும் வாங்கிப் பார்த்தாள்.

"ஒண்ணு உங்களை எம்.எல்.ஏங்குது, இன்னொண்ணு இல்லைங்குது. ரெண்டுக்கும் சேர்த்து ஒரே பதிலா எழுதிடுங்க" என்றாள்.

எழுதுகிறேன். முத்திரையை நாளைக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன். பஸ் விஷயத்தில் என்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. நான் பதவியில் இருந்தபோதும் அப்படித்தான்.

2

இந்தியா சுதந்திரம் அடைந்த வருடம் கப்பல் ஏறியவன் நான். மலாயாவின் வடக்கே ஒரு சிறிய மாநிலத்தில், ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் வேலை. டாக்டர் வாரம் ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பது, கத்தி பட்ட காலுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் நான்தான். மலாயா சுதந்திரம் அடைந்ததும் குடியுரிமைக்கு மனுப் போட்டேன். தேவிபட்டினத்தில் பிறந்ததாக எழுதியிருந்ததைப் படித்த அதிகாரி, அது எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று கேட்டார். சென்னை மாநிலம் என்றேன். அவர் மேசையில் இருந்த மலாயா வரைபடத்தில் வெகுநேரம் சென்னையைத் தேடினார்.

முதல் பொதுத்தேர்தல் வந்தபோது ஆளும் கூட்டணிக்கு எங்கள் பக்கம் ஓர் இந்திய வேட்பாளர் தேவைப்பட்டார். என்னை மிகவும் பிடித்தவர்கள் என்று யாரும் இல்லை. பிடிக்காதவர்களும் இல்லை. மருந்து கொடுக்கிறவனை யாரும் பகைத்துக்கொள்வதில்லை. அதையே தகுதியாக வைத்து நிறுத்திவிட்டார்கள்.

தொகுதியில் மூன்று ரப்பர் தோட்டங்கள், சீனர்களின் கடைவீதி ஒன்று, மலாய்க்காரர்களின் கிராமங்கள் இரண்டு. தோட்டங்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அங்கே செல்லையா இருந்தார். ஒரு தோட்டத்தில் தண்டல், அதாவது ஆட்களை வேலை ஏவுகிற மேற்பார்வைக்காரர். கோயில் கமிட்டித் தலைவரும் அவரே. அவர் தலையசைத்தால் மூன்று தோட்டமும் தலையசைக்கும். சொந்த ஊர் கேட்டால் புதுக்கோட்டைப் பக்கம் என்பார். பிரச்சாரம் நடந்த நாட்களில் நான் போன இடமெல்லாம் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

கவலையெல்லாம் மலாய் மொழிதான். கிராமத்துக் கூட்டத்தில் பேசுவதற்கு நாலு வரி மனப்பாடம் செய்திருந்தேன். "உங்கள் மனுக்களை எல்லாம் நானே சட்டமன்றத்துக்குக் கொண்டுபோவேன்" என்பது அதில் கடைசி வரி. கொண்டுபோவதற்கு மலாயில் 'பாவா'. மேடை ஏறிய பதற்றத்தில் 'புவாங்' என்று சொல்லிவிட்டேன். புவாங் என்றால் தூக்கியெறிவது. மார்பில் கைவைத்து, கண்கலங்க, உங்கள் மனுக்களை எல்லாம் நானே தூக்கியெறிவேன் என்று இரண்டு முறை சத்தியம் செய்திருக்கிறேன்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் சிரிக்க ஆரம்பித்தார். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்பு என்று நினைத்துக் கும்பிட்டேன். வீட்டுக்கு வந்ததும், கூட்டத்துக்கு என்னோடு வந்திருந்த, அப்போது ஆறு வயதாயிருந்த என் மகள் மலர்விழி, "அப்பா, நீங்க எல்லாத்தையும் குப்பையில போடுவேன்னு சொன்னீங்க" என்று விளக்கினாள்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். அந்தப் பெரியவர் என்னை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். "எல்லாரும் செய்வது அதுதான். முன்கூட்டியே சொன்ன முதல் ஆள் நீர்தான்" என்றார். அந்தக் கிராமத்து ஓட்டு முழுவதும் எனக்கு விழுந்தது.

சட்டமன்றத்தில் நான் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் நாள் வேறொருவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுப்பப்பட்டேன். இரண்டாம் வருடம் ஒரு மரப்பாலம் கேட்டேன். நான்காம் வருடம் அந்தப் பாலம் வந்தது, நான் கேட்ட வாய்க்காலுக்குப் பக்கத்து வாய்க்காலில்.

3

பதவிக்கு வந்த மூன்றாம் வருடம் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்பட்டேன். நாகப்பட்டினம் துறைமுகத்தில் இருந்த அதிகாரி என் பாஸ்போர்ட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிறந்தது தேவிபட்டினம். நாடு மலாயா. வந்த காரியம்?"

"சொந்த ஊருக்குப் போறேன்."

"சொந்த ஊருக்குப் போறதுன்னு இதுல கட்டம் கிடையாது. சுற்றுலான்னு போடவா, வியாபாரம்னு போடவா?"

சுற்றுலா என்று போடச் சொன்னேன். தேவிபட்டினத்துக்கு இரண்டு மாதச் சுற்றுலாப் பயணியாக வந்த முதல் தேவிபட்டினத்தான் நானாகத்தான் இருக்கும்.

ஊர் எல்லையில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மேளம், மாலை, காகிதத் தோரணம். எல்லாம் என் அக்காள் புருஷன் ராமலிங்கம் அத்தானின் ஏற்பாடு. அவர் அந்த வருடம் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்பதாக இருந்தார். துணியில் பெரிய எழுத்தில், 'மலாயா மந்திரி அவர்களே வருக' என்று எழுதியிருந்தது.

"அத்தான், நான் மந்திரி இல்லை. வெறும் மெம்பர்" என்று காதில் சொன்னேன்.

"பெயிண்டு காஞ்சு போச்சு மாப்ளே. ரெண்டு மாசத்துக்கு மந்திரியா இருந்துட்டுப் போங்க. இங்கன யாரு கேக்கப் போறா?"

யாரும் கேட்கவில்லை. மறுநாள் நவபாஷாணக் கோயிலுக்குப் போனோம். கடலுக்குள் நிற்கும் கற்களைப் பார்த்துவிட்டு மலர்விழி மலாயில் சத்தமாக ஏதோ கேட்டாள். சாமியை ஏன் தண்ணீருக்குள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், என்ன தப்புச் செய்தார் என்பது கேள்வி.

"பிள்ளை என்ன சொல்லுது?" என்றார் அத்தான்.

"சாமி நல்லாருக்குன்னு சொல்லுது" என்றேன். தமிழ்ப் பிள்ளை தன் அய்யா ஊரில் தமிழில் பேசாதது எனக்கு உறுத்தியது. அவளிடம் கேட்டதற்கு, இங்கே எல்லோரும் வேகமாகப் பேசுகிறார்கள், என் தமிழ் மெதுவானது என்றாள்.

பிறகு மனுக்கள் தொடங்கின. அத்தான் வீட்டு வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்த்தி வைத்துவிட்டார். கிணறு உப்புக் கரிக்கிறது, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போதாது, யாத்திரிகர்கள் இறங்கும் படியில் விளக்கு இல்லை. ஒவ்வொன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, 'பார்க்கிறேன்' என்றேன். அந்த ஒரு சொல்லைத்தான் சட்டமன்றம் எனக்கு ஒழுங்காகக் கற்றுக் கொடுத்திருந்தது.

மூன்றாம் நாள் கடைசியாக ஒரு பெண் வந்தார். முப்பது வயதுக்குப் பக்கம். மேற்கே நாலு மைலில் ஒரு கிராமம். பெயர் அங்கம்மாள். கும்பிட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"மகன் கைக்குழந்தையா இருக்கையில அவுக மலாயாவுக்குப் போனாக. ரெண்டு வருஷம் காயிதம் வந்துச்சு. அப்புறம் இல்ல. இப்ப மகனுக்குப் பன்னெண்டு நடக்கு."

"அவரைக் கண்டுபிடித்து அனுப்ப வேண்டுமா?"

"வர வேண்டாங்க. கையெழுத்து வந்தாப் போதும்."

அவர் இருக்கும் வீட்டடி மனை புருஷன் பேரில் இருந்தது. கொழுந்தன் அதைத் தனக்கென்று கேட்டுத் தகராறு செய்கிறான். மனையைத் தன் பேருக்கு மாற்றச் சொல்லி, ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்திடம் போயிருக்கிறார். ஆள் உயிரோடு இருந்தால் கையெழுத்துக் கொண்டு வா, இல்லையென்றால் செத்ததற்குச் சான்று கொண்டு வா என்று கர்ணம் சொல்லிவிட்டார்.

"ரெண்டுல எது வந்தாலும் எனக்குச் சம்மதந்தான்" என்றார் அங்கம்மாள்.

அத்தான் சிரித்துவிட்டார். அங்கம்மாள் சிரிக்கவில்லை. ஆள் பெயர் என்ன என்று கேட்டேன். செல்லையா என்றார். மலாயாவில் செல்லையாக்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று நான் ஆரம்பித்தேன். அவர் முந்தானையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். ராமநாதபுரத்து ஸ்டூடியோவில், கப்பலேறும் முன் எடுத்தது. திரைச்சீலையில் ஏரியும் மாளிகையும். அவற்றின் முன்னால், தலையில் இன்னும் முடியோடு, எனக்குக் குடை பிடித்த செல்லையா நின்றுகொண்டிருந்தார்.

படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மலாயாவில் இவருக்கு ராசம்மாள் என்று மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான்.

"பார்க்கிறேன்" என்றேன்.

4

திரும்பி வந்து ஒன்றரை வருடம் நான் பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, கோயில் திருவிழாவில் செல்லையா பக்கத்திலேயே நின்று தீபாராதனை பார்த்தேன். மூன்று தோட்டத்து ஓட்டை வைத்திருக்கும் மனிதரிடம் இதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்காமலிருப்பது மிக எளிதாக இருந்தது.

அங்கம்மாள் விடுவதாக இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம், யாரையோ எழுதச் சொல்லி வரும். கடைசியில் பத்திரத்தையே எழுதி அனுப்பிவிட்டார். கூடவே கர்ணம் ஒரு துண்டுக் காகிதம் வைத்திருந்தார். கையெழுத்துக்குக் கீழே 'மலாயா சட்டசபை மெம்பர் அவர்களின் சீல்' கட்டாயம் இருக்க வேண்டும்.

என் முத்திரையை இந்த நாட்டில் யாரும் மதித்ததில்லை. கடைவீதி நூலகத்தில்கூட அதை வைத்து ஒரு புத்தகம் எடுக்க முடியாது. முதல்முறையாக ஒருவர் அதைக் கட்டாயம் என்கிறார்.

அந்த வாரம்தான் சட்டமன்றம் சீக்கிரமே கலைக்கப்படும் என்ற பேச்சு வந்தது. கலைத்துவிட்டால் நான் மெம்பர் இல்லை, முத்திரைக்கும் உயிர் இல்லை. கமலா பத்திரத்தைப் படித்துப் பார்த்து எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாள்.

"அந்த மலாய்ப் பெரியவர் சொன்னது சரிதான். மனுவைத் தூக்கிப் போடுற ஆள்தான் நீங்க" என்றாள்.

மறுநாள் செல்லையாவை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். மருந்து அலமாரிக்குப் பின்னால் உட்காரவைத்து முதலில் படத்தைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு பத்திரத்தைக் கொடுத்தேன்.

"இது உங்களுக்கு எப்பக் கிடைச்சுது?"

"ஊருக்குப் போனப்ப."

"ஒண்ணரை வருஷமா வச்சுக்கிட்டா என்கூடச் சிரிச்சுப் பேசுனீக?" அதுவரை அவரிடம் நான் கேட்டிராத எங்கள் பக்கத்துப் பேச்சு அந்த நேரம் வெளியே வந்தது. "தேர்தல் முடியட்டும். அப்புறம் பாப்போம்."

"தேர்தல் வந்தா என் முத்திரை செல்லாது. இப்பவே வேணும்."

"ராசம்மாவுக்குத் தெரியாது. கோயில்ல எனக்கு முதல் மரியாதை குடுக்கிறாக. நாளைக்கு எவன் குடுப்பான்?" எழுந்து நின்றார். "நீங்களே சொல்லுங்க. இந்தக் கையெழுத்து வேணுமா, மூணு தோட்டத்து ஓட்டு வேணுமா?"

நான் ஓட்டுத்தான் கேட்பேன் என்று அவர் நம்பியது முகத்தில் தெரிந்தது. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் என் வாயில், "கையெழுத்து" என்று வந்துவிட்டது. மலாயில் உளறியது போலத் தமிழிலும் உளறிவிட்டேனோ என்று ஒரு நிமிடம் பயமாக இருந்தது. இல்லை. அதைத்தான் சொல்ல நினைத்திருக்கிறேன்.

செல்லையா சொன்ன சொல் மாறாதவர். பேனாவை வாங்கினார். போடும் முன், "இன்னும் கூரைதானா, ஓடு போட்டிருக்கா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இனிமே உங்களுக்குக் குடை பிடிக்க வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

நான் முத்திரையை மையில் தோய்த்து, ஒன்றுக்கு மூன்றாகக் குத்தினேன். கூடவே அங்கம்மாளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவர் நலமாக இருக்கிறார், இங்கே ஒரு குடும்பம் இருக்கிறது, மூன்று பிள்ளைகள் என்று ஒளிக்காமல் எழுதினேன். எட்டு நாளில் சட்டமன்றம் கலைந்தது.

5

செல்லையா எதிர்க்கட்சி மேடையில் ஏறினார். தோட்டத்து மைதானத்தில் கூட்டம். நானும் ஓரமாக நின்று கேட்டேன். நன்றாகவே பேசினார்.

"இந்த மனுசன் நம்ம தொகுதிக்கு மெம்பரா, தேவிபட்டினத்துக்கு மெம்பரா? பாலம் கேட்டோம், வேற வாய்க்கால்ல போட்டாரு. ஆனா ஊர்க்காரங்க ஒரு கையெழுத்துக் கேட்டா, இங்க இருக்கிறவன் கழுத்துல கத்தி வச்சு வாங்கி அனுப்புறாரு."

கைதட்டல். அது அடங்கியதும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ராசம்மாள். ரப்பர் பால் வெட்டுகிறவள், மைதானத்துக்கு மைக் தேவைப்படாத தொண்டை.

"என்ன கையெழுத்து? யாருகிட்ட வாங்குனாரு?"

செல்லையா மைக்கைப் பிடித்தபடி நின்றார். பேச்சுக்கு நடுவில் கேள்வி கேட்கக் கூடாது என்றார்.

"நீங்கதானே போன மாசம் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு விரல்ல மையோட வந்தீங்க. என்ன கையெழுத்து அது?"

கூட்டம் மெதுவாக மேடையிலிருந்து ராசம்மாள் பக்கம் திரும்பியது. அதற்குமேல் அங்கே அரசியல் நடக்கவில்லை.

இதைக் கேட்டு நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைப்பீர்கள். இல்லை. தோட்டத்து ஆட்கள் செல்லையாவைப் பார்த்துச் சிரித்தார்கள், திட்டினார்கள், ஓட்டை அவர் சொன்ன பக்கமே போட்டார்கள். தேவிபட்டினத்து மெம்பர் என்ற பேர் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. பாலம் வேறு உண்மை. மலாய்க் கிராமம் மட்டும் கடைசி வரை கைவிடவில்லை. முடிவு வந்த அன்று அந்தப் பெரியவர் வீடு தேடி வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அங்கம்மாள் விஷயம் வெளியே வந்ததும் கோயிலில் செல்லையாவுக்கு முதல் மரியாதை நின்றுபோனது. ராசம்மாள் ஒரு மாதம் அவருக்குச் சோறு போட்டாள், பேச்சுக் கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

நான் பழையபடி முழுநேரமும் கட்டுப் போடுகிறேன். தோற்றதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். செய்தித்தாளில் சட்டமன்றப் படம் வந்தால் என் நாற்காலியில் யார் என்று இன்னமும் தேடுகிறேன். அந்தச் சமயங்களில் ஒரு பெண்ணுக்காகப் பதவியையே விட்டவன் நான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். கேட்க நன்றாக இருக்கும். கமலாவிடமும் இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை அவள் எழுந்து போய்விட்டாள்.

6

போன வாரம் அங்கம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. மனை அவர் பேருக்கு மாறிவிட்டது. கர்ணம் முத்திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாராம். கொழுந்தன் இப்போது தெருவின் அந்தப் பக்கமாகவே நடக்கிறானாம். நான் தோற்ற செய்தி அத்தான் மூலம் தெரிந்ததாம். அதற்கு ஒரு வரி வருத்தம். கடைசியில் ஒரு வேண்டுகோள்.

'அங்கன இருக்கிற பிள்ளைக மூணு பேரு பேரையும் எழுதி அனுப்பவும். மகன் கேக்கான்.'

செல்லையாவிடம் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் தோட்டத்து வேலைக்காட்டைச் சுற்றப் போயிருந்த நேரமாகப் பார்த்து ராசம்மாளிடம் போனேன். கதவைச் சாத்திக்கொள்வாள் என்று நினைத்தேன். கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். பிறகு உள்ளே போய், பிள்ளைகளின் பள்ளிக்கூட நோட்டு ஒன்றிலிருந்து தாள் கிழித்து வந்தாள்.

"எழுதிக்குங்க. பெரியவ கோமதி, எட்டு வயசு. ரெண்டாவது கணேசன், ஆறு. சின்னவன் சேகர், நாலு. அவனுக்கு இடது கண் புருவத்துல ஒரு தழும்பு இருக்கும், அதையும் எழுதுங்க. பின்னால பாத்தா அடையாளம் தெரியணும்ல."

எழுதினேன். வயது, தழும்பு எல்லாம் எழுதினேன். தாளை மடிக்கும்போது அவள் கேட்டாள்.

"அந்தப் பையன் பேரு என்ன?"

வேப்பமரத்தடியில் கேட்டிருக்கலாம். ஒன்றரை வருடத்தில் எத்தனை கடிதம் வந்தது, அதிலாவது கேட்டிருக்கலாம். ஒவ்வொரு கடிதத்திலும் 'மகன்' என்றுதான் இருந்தது. எனக்கும் அது போதுமாக இருந்தது.

"தெரியாது" என்றேன்.

ராசம்மாள் என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. தாளை என் கையிலிருந்து வாங்கி, விரித்து, மறுபடி என் முன்னால் வைத்தாள்.

"கேட்டு எழுதுங்க" என்றாள்.